பழைய ஹோண்டா சிவிக்கில் பின்பக்க ஸ்வே பார்: வாங்கும் முன் எழும் கேள்விகள்

1991-இல் வந்த ஐந்தாம் தலைமுறை சிவிக், 1995-இல் வந்த ஆறாம் தலைமுறை சிவிக் இரண்டையும் மலேசியாவில் நாங்கள் இஜி, இகே என்றே சொல்கிறோம். இந்தக் கார்களை இன்னமும் விடாமல் ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என்னிடம் இருப்பது ஓர் இகே செடான். இதுவரை அதில் மூன்று பின் ஸ்வே பார்கள் மாறியிருக்கின்றன. நண்பர்களும் அவர்களுடைய நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு, எனக்கு உறுதியாகத் தெரிந்த வரையில், விடை இங்கே.

ஸ்வே பார் உண்மையில் என்ன வேலை செய்கிறது?

அது ‘ப’ எழுத்தைப் போல வளைத்த ஓர் எஃகுக் கம்பி. நடுப்பகுதி இரண்டு ரப்பர் புஷ்களுக்குள், அதாவது மெத்தை வளையங்களுக்குள், காரின் உடலோடு பிணைந்திருக்கும். இரு முனைகளும் லிங்க் எனப்படும் சிறிய இணைப்புத் தண்டுகள் வழியாக, சக்கரத்தைத் தாங்கும் இடது, வலது கீழ்க் கைகளோடு (லோயர் ஆர்ம்) இணைந்திருக்கும். வேகத்தடையில் இரண்டு சக்கரங்களும் ஒன்றாக ஏறி இறங்கினால் கம்பி புஷ்ஷுக்குள் சும்மா உருளும். வளைவில் கார் சாயும்போது வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே அமுங்க, உட்பக்கச் சக்கரம் கீழே தொங்கும். அப்போது கம்பி, ஈரத் துணியைப் பிழிவதுபோல முறுக்கப்படுகிறது. முறுக்கை எதிர்க்கும் அந்தப் பலம்தான் காரின் சாய்வைக் குறைக்கிறது.

ஸ்டெபிலைசர், ஆன்டி ரோல் பார் என்று பட்டறைக்குப் பட்டறை பெயர் மாறும். பொருள் ஒன்றுதான்.

சாய்வைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் முன்பக்கம் மாற்றலாமே? எல்லோரும் ஏன் பின்பக்கத்தையே சொல்கிறார்கள்?

சாய்வு குறைவது கண்ணுக்குத் தெரியும் பலன். அதைவிடப் பெரிய பலன் ஒன்று உண்டு.

முன்சக்கர இழுவைக் காரில் எடையின் பெரும்பகுதி முன்னால்தான் இருக்கிறது. இழுப்பதும் முன் டயர், திருப்புவதும் முன் டயர், பிரேக் பிடிக்கும்போது அதிகம் சுமப்பதும் முன் டயர். அதனால் வேகமாக வளைவில் நுழைந்தால் முன் டயர்தான் முதலில் பிடியை இழக்கும். ஸ்டீரிங்கைத் திருப்பியும் கார் நேராகவே போகப் பார்க்கும். இதுதான் அண்டர்ஸ்டீர்.

வளைவில் உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கத்துக்கு மாறும் மொத்தச் சுமை காரின் அகலம், எடை மையத்தின் உயரம், வளைவின் வேகம் ஆகியவற்றைப் பொறுத்தது. ஸ்வே பார் அந்த மொத்தத்தைக் குறைப்பதில்லை. அதில் முன் அச்சு எவ்வளவு ஏற்கிறது, பின் அச்சு எவ்வளவு ஏற்கிறது என்ற பங்கீட்டைத்தான் மாற்றுகிறது. பின் பார் கெட்டியானால் பின் அச்சு கூடுதலாக ஏற்றுக்கொள்ளும். முன் அச்சின் இரு டயர்களும் சற்றே சமமாகச் சுமக்கும். ஒரே டயரின் மேல் சுமையைக் குவிப்பதைவிட இரண்டுக்கும் பகிர்ந்தால் மொத்தப் பிடி அதிகம். ஆகவே முன்பக்கப் பிடி கூடுகிறது, பின்பக்கப் பிடி குறைகிறது. உட்பக்க முன் டயருக்கும் சுமை கிடைப்பதால், வளைவு முடிந்து ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது அது வீணாகச் சுழல்வதும் குறையும்.

‘பின்பக்கப் பிடி குறைகிறது’ என்பதை ஒருமுறை நிறுத்தி வாசியுங்கள். விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

13 மி.மீ. பாரை எடுத்துவிட்டு 22 மி.மீ. போடச் சொல்கிறார்கள். 9 மி.மீ. பெரிய வித்தியாசமா?

மிகப் பெரிய வித்தியாசம். ஒரு கம்பியின் முறுக்கு விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கோடு சேர்ந்து ஏறுகிறது. 13-ஐ நான்கு முறை பெருக்கினால் 28,561. 22-ஐப் பெருக்கினால் 2,34,256. அதாவது, நீளமும் வடிவமும் ஒன்றாக இருந்தால், 22 மி.மீ. பார் 13 மி.மீ. பாரைவிட ஏறக்குறைய 8.2 மடங்கு விறைப்பானது.

இந்த இரண்டு அளவுகளும் நான் கற்பனையாக எடுத்தவை அல்ல. அமெரிக்காவில் 1999, 2000 ஆண்டுகளில் விற்ற சிவிக் எஸ்ஐ காரின் பின் பார் 13 மி.மீ. ஹோண்டாவின் இன்னொரு வேகக் காரான டிசி2 இன்டெக்ரா டைப் ஆரின் பின் பார் 22 மி.மீ. பின் சஸ்பென்ஷன் வடிவமைப்பு இரண்டிலும் ஒரே குடும்பம். ஹோண்டாவே அவ்வளவு பெரிய பாரைப் போட்டது என்பதால்தான் எல்லோரும் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அதே கணக்கில் 22-இலிருந்து 24-க்குப் போனால் 42 சதவீதம் கூடும். ‘ரெண்டே மில்லி’ என்று கடைக்காரர் சொன்னால் இந்த எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பார் எட்டு மடங்கு விறைத்தால் காரின் பின்பக்கம் எட்டு மடங்கு விறைக்காது. சாய்வை எதிர்ப்பதில் ஸ்பிரிங்குகளுக்கும் பங்கு உண்டு. ஏற்கெனவே கெட்டியான காயில்ஓவர் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாக வரும் தொகுதி) போட்ட காரில் பெரிய பாரின் பலன், சாதாரண ஸ்பிரிங் உள்ள காரைவிடக் குறைவாகவே தெரியும்.

உள்ளீடற்ற பார் நல்லதா, கெட்டிக் கம்பி நல்லதா?

முறுக்கைத் தாங்குவதில் கம்பியின் வெளிப்புறப் பகுதிதான் அதிகம் உழைக்கிறது. நடுவில் உள்ள எஃகு பெரும்பாலும் எடைதான். 24 மி.மீ. வெளிவிட்டமும் 4 மி.மீ. சுவரும் கொண்ட குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். அதே விட்டமுள்ள கெட்டிக் கம்பியோடு ஒப்பிட்டால் விறைப்பில் சுமார் 20 சதவீதம் இழப்பு, எடையில் சுமார் 44 சதவீதம் மிச்சம்.

இதனால் ஒப்பிடுபவருக்கு ஒரு சிக்கல் வருகிறது. குழாய் பாரின் வெளிவிட்டத்தை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. மெல்லிய சுவருள்ள பெரிய குழாயும், தடித்த சுவருள்ள சிறிய குழாயும் ஒரே விறைப்பில் இருக்கலாம். சுவர்த் தடிமனைக் கேளுங்கள். சொல்ல மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்காதீர்கள். குழாயின் முனைகளைப் பற்றவைத்து (வெல்டிங் செய்து) இருந்தால் அந்தப் பற்றுகளையும் வெளிச்சத்தில் பாருங்கள். முறுக்கப்படும் பொருளில் மோசமான பற்று எங்கே உடையும் என்பது முன்பே எழுதிவைத்த மாதிரிதான்.

சில பார்களின் முனையில் இரண்டு மூன்று துளைகள் இருக்கின்றனவே?

லிங்கை எந்தத் துளையில் மாட்டுகிறீர்களோ, அதைப் பொறுத்துப் பாரின் வளைந்த முனைப்பகுதியான கையின் நீளம் மாறும். கை குறைந்தால் பார் கெட்டியாகும். 200 மி.மீ. கையை 180 ஆக்கினால் விறைப்பு சுமார் 23 சதவீதம் ஏறும். முனைக்கு மிக அருகில் உள்ள துளை மென்மையானது, உள்ளே தள்ளியிருப்பது கெட்டியானது. முதலில் மென்மையான துளையில் போட்டு ஒரு மாதமாவது ஓட்டுங்கள். அதில் மழை நாட்களும் அடங்க வேண்டும்.

ஹாஃப்கட் கடையில் கிடைக்கும் டைப் ஆர் பாரா, புதிய பாரா?

இதில் எனக்குத் தெளிவான சார்பு உண்டு: சாலையில் ஓடும் காருக்கு அசல் டைப் ஆர் 22 மி.மீ. பார், நல்ல நிலையில் கிடைத்தால் அதுதான். அதன் வளைவுகள் இந்த உடலுக்கென்றே போடப்பட்டவை. எக்ஸாஸ்டில் இடிக்காது, புஷ் அளவு தேடி அலைய வேண்டாம்.

ஆனால் ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வந்த காரின் உதிரி என்பதை மறக்கக் கூடாது. அதன் கடந்த காலம் யாருக்கும் தெரியாது. கடையிலேயே பாரைச் சமதளத் தரையில் வையுங்கள். இரு கைகளும் ஒன்றுபோலத் தரையில் உட்கார வேண்டும். ஒன்று தூக்கி நின்றால் அது விபத்தில் திருகிய பார். பிறகு புஷ் உட்காரும் இடத்தைத் துணியால் துடைத்துவிட்டு விரலால் தடவுங்கள். மேலோட்டமான துரு பரவாயில்லை, தேய்த்துப் பெயின்ட் அடிக்கலாம். குழிகள் விரலில் தட்டுப்பட்டால் விட்டுவிடுங்கள். வளைந்து நிமிரும் எஃகில் விரிசல் அந்தக் குழிகளிலிருந்துதான் தொடங்கும்.

புதிதாக வாங்குவதென்றால் ஆஸ்திரேலியாவின் ஒயிட்லைன், ஜப்பானின் குஸ்கோ, ஜெர்மனியின் ஐபாக், நம் மலேசியாவின் அல்ட்ரா ரேசிங் ஆகிய பெயர்கள் அடிக்கடி காதில் விழும். பெயரைவிட நான்கு விவரங்களைப் பாருங்கள்: விட்டமும் சுவரும், துளைகளின் எண்ணிக்கை, லிங்குகள் சேர்ந்து வருகின்றனவா, மாற்றுப் புஷ் தனியாகக் கிடைக்குமா. கடைசி விவரத்தைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து புஷ் தேய்ந்து, அந்த அளவு எங்கும் கிடைக்காமல், நல்ல பாரைப் பழைய இரும்புக்குப் போட்டவர் ஒருவரை எனக்குத் தெரியும்.

பெரிய பார் போட்டால் சப்ஃபிரேம் கிழியும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள்.

இஜி, இகே கார்களில் பின்பக்க சப்ஃபிரேம் என்று நாம் சொல்வது கழற்றி மாட்டும் தனிப் பாகம் அல்ல. காரின் உடலோடு சேர்த்துப் பற்றவைத்த தகடு. கீழ்க் கைகளின் உள்முனையும் ஸ்வே பாரின் பிராக்கெட்டும் அந்தப் பகுதியைத்தான் நம்பி நிற்கின்றன. மெலிந்த பாருக்கு அந்தத் தகடு போதும். எட்டு மடங்கு கெட்டியான பார் ஒவ்வொரு வளைவிலும் ஒரு பக்கம் மேலே தள்ளி மறுபக்கம் கீழே இழுக்கும்போது, தகடு மடங்கி மடங்கிக் களைத்துப்போகிறது. இருபத்தைந்து, முப்பது வயதான காரில் உள்ளே துருவும் சேர்ந்திருக்கும்.

என் காரிலேயே பார்த்தேன். முதல் பெரிய பாரைப் போட்டுச் சில மாதங்கள் ஆகியிருந்தன. வீட்டு வாசலில் ஏறும்போது பின்னால் இடப்பக்கம் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம், அவ்வளவுதான். லிங்க் தளர்ந்திருக்கும் என்று நினைத்து அடியில் படுத்தேன். லிங்க் இறுக்கமாக இருந்தது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோது, பிராக்கெட்டின் ஓரத்தில் கறுப்புப் பூச்சின் மேல் தலைமுடி அளவில் ஒரு கோடு தெரிந்தது. நகத்தால் சுரண்டினேன். செம்பழுப்புத் தூள் கன்னத்தில் உதிர்ந்தது. கோடு போல்ட்டின் அடியில் போய் மறைந்தது. பிராக்கெட்டைக் கழற்றிய பிறகுதான் முழு நீளமும் தெரிந்தது: கட்டை விரல் அளவு.

பற்றவைத்துச் சரிசெய்தோம். அன்றே வலுவூட்டும் தகடும் போட்டோம். இந்த வேலைக்கென்றே வரும் பிரேஸ், இடது வலது பிணைப்புகளைத் தடித்த தகட்டால் ஒன்றோடொன்று சேர்த்து, விசையைப் பெரிய பரப்புக்குப் பகிர்ந்துவிடும். அமெரிக்காவின் ஏஎஸ்ஆர் பிரேஸ் இதில் பேர்போனது. அதே வேலையைச் செய்யும் மற்றவையும் கிடைக்கின்றன. கீழ்க் கை போல்ட்டுகளை மட்டும் இணைக்கும் மெல்லிய டை பார் இதற்கு ஈடாகாது. அது தோற்றத்துக்கு அழகு. 22 மி.மீ. அல்லது அதற்கு மேல் போடுவதென்றால் பிரேஸின் விலையையும் பாரின் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள். பணம் போதவில்லையென்றால் பாரைத் தள்ளிப்போடுங்கள், பிரேஸைத் தள்ளிப்போடாதீர்கள்.

என் காரில் பின் ஸ்வே பாரே இல்லை. நேரடியாகப் போடலாமா?

பாரே இல்லாமல் வந்த ரகங்களில் கீழ்க் கையில் லிங்க் மாட்டும் இடமும் இருக்காது. பார் உள்ள ரகத்தின் கீழ்க் கைகள், லிங்குகள், பிராக்கெட்டுகள் எல்லாம் வேண்டும். ஹாஃப்கட்டில் வாங்கினால் ஒரே காரிலிருந்து மொத்தத் தொகுதியாகக் கேளுங்கள். துண்டு துண்டாகச் சேர்ப்பது நேரத்தையும் பணத்தையும் தின்றுவிடும்.

மழையில் ஆபத்தா?

ஆபத்தாகலாம். எனக்கு ஆனது.

இரண்டாவது பாரை ஒரு பட்டறையில் போட்டுக்கொண்டேன். அவர்கள் அதை மிகக் கெட்டியான துளையில் மாட்டியிருந்தார்கள். என்னிடம் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. அடுத்த நாள் மாலை பத்துமலையிலிருந்து உலு யாம் போகும் மலைச்சாலையில் ஓட்டினேன். தூறல் தொடங்கியிருந்தது. இறக்கத்தில் ஓர் இடது வளைவு. எதிரே ஒரு மோட்டார் சைக்கிள் நடுக்கோட்டைத் தொட்டு வந்தது. பயத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தேன். காலை எடுத்ததும் சுமை முன்னால் பாய, பின்பக்கம் லேசாகி, வால் வெளியே வீசியது. கார் வந்த வழியைப் பார்த்தபடி புல்லில் நின்றது. வைப்பர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அந்த மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தது.

பழைய 13 மி.மீ. பாரில் இதே தவறைச் செய்திருந்தால் முன்பக்கம் சற்றுத் தள்ளியிருக்கும், பிழைத்திருப்பேன். கெட்டியான பின் பார் அந்த மன்னிப்பை எடுத்துவிடுகிறது. ஈரச் சாலையில் டயரின் பிடி குறைவு. கார் சாய்வதும் குறைவு. அதனால் எச்சரிக்கை வராமலே பின் டயர் வழுக்கும். இந்தக் கார்களில் பெரும்பாலானவற்றில் நிலைத்தன்மைக் கட்டுப்பாட்டுக் கருவி எதுவும் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அன்று இன்னொரு தவறும் இருந்தது. புதிய டயர் இரண்டையும் முன்னால் போட்டு, தேய்ந்தவற்றைப் பின்னால் விட்டிருந்தேன். முன்சக்கர இழுவைக் காரில் பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். இரண்டு மட்டுமே புதிதாக வாங்கினால் அவை பின்னால் போக வேண்டும். பெரிய பின் பார் உள்ள காரில் இதில் விட்டுக்கொடுப்பே கூடாது.

வளைவில் உட்பக்கப் பின் சக்கரம் தரையை விட்டு எழும்புகிறதாம். பயப்பட வேண்டுமா?

செப்பாங் பந்தயத் தடத்தில் முன்சக்கர இழுவைக் கார்கள் மூன்று காலில் போவதைப் பார்க்கலாம். பந்தயத்தில் அது இயல்பு. அந்தச் சக்கரம் எழும்பிய பிறகு பார் அதற்குமேல் பின் அச்சுக்குச் சுமையை மாற்ற முடியாது. தெருவில் உங்கள் சக்கரம் எழும்புகிறது என்றால் பாரைப் பற்றி அல்ல, வேகத்தைப் பற்றி யோசிக்க வேண்டிய நேரம் அது.

ரப்பர் புஷ்ஷா, பாலியூரித்தேனா?

பாலியூரித்தேன் குறைவாக அமுங்கும், அதனால் பார் உடனே வேலை தொடங்கும். கிரீஸ் காய்ந்தால் கிறீச்சிடும். அதற்குரிய கிரீஸையே தடவ வேண்டும், சாதாரண பேரிங் கிரீஸ் அல்ல. தினமும் குடும்பத்தோடு போகும் கார் என்றால் நல்ல புதிய ரப்பரே போதும்.

பார் வாங்கும் முன் வேறு எதையாவது மாற்ற வேண்டுமா?

பின் சக்கரத்தை முன்னாலிருந்து உடலோடு பிணைக்கும் நீளமான கையான டிரெய்லிங் ஆர்மில் உள்ள பெரிய புஷ். இந்த வயதுக் கார்களில் அது வெடித்துக் கிழிந்திருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். அது போனால் பின் சக்கரத்தின் கோணமே ஓடும்போது மாறும். அந்த நிலையில் எந்தப் பாரை ஒப்பிட்டாலும் விடை தவறாகத்தான் வரும். புஷ்ஷை மாற்றி, தேய்ந்த ஷாக் அப்சார்பரை மாற்றி, நல்ல டயர் போட்டு, வீல் அலைன்மென்ட் பாருங்கள். அதன் பிறகும் பார் வேண்டும் என்று தோன்றினால் வாங்குங்கள். எனக்குத் தெரிந்த இருவருக்கு அதற்குப் பிறகு தோன்றவே இல்லை.

பெரோடுவா மைவி, ஹோண்டா ஜாஸ் போன்ற கார்களுக்கும் இதே கணக்குத்தானா?

இல்லை. அவற்றில் பின்னால் டார்ஷன் பீம். இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் அந்தக் குறுக்குத் தகடே முறுக்கிக்கொண்டு ஓரளவு ஸ்வே பாரின் வேலையைச் செய்கிறது. அதற்கென விற்கும் பார், பீமின் இரு கைகளுக்கும் இடையில் போல்ட் போட்டு மாட்டப்படுவது. உடலில் பிராக்கெட் இல்லை, தகடு கிழியும் கவலையும் இல்லை. ஆனால் பீமின் சொந்த விறைப்பு காருக்குக் கார் மாறுவதால் விட்டத்தை மட்டும் வைத்து ஒப்பிட முடியாது.

வீட்டிலேயே பொருத்தலாமா?

ஸ்பானர் பிடித்துப் பழகியவர் பொருத்தலாம். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள். நீளம் மாற்றக்கூடிய லிங்க் என்றால் கடைசி இறுக்கத்தைக் கார் தன் சக்கரத்தில் நிற்கும்போது, ஓட்டுநர் இருக்கையில் உங்கள் எடைக்கு ஒருவரை உட்கார வைத்துச் செய்யுங்கள். லிங்க் போல்ட் கையாலேயே வழுக்கி உள்ளே போக வேண்டும். சுத்தியல் தேவைப்பட்டால் பார் ஏற்கெனவே முறுக்கிய நிலையில் நிற்கிறது. அப்படி ஓட்டினால் இடது வளைவில் ஒரு கார், வலது வளைவில் வேறொரு கார் என்று இருக்கும்.

பொருத்திய பிறகு எதைக் கவனிக்க வேண்டும்?

எல்லா நட்டுகளையும் இறுக்கியதும் வெள்ளை மார்க்கரால் நட்டிலிருந்து பிராக்கெட் வரை ஒரு நேர்க்கோடு போடுங்கள். முதல் வாரத்திலும், பிறகு ஒவ்வொரு முறை எண்ணெய் மாற்றும்போதும் அடியில் பாருங்கள். கோடு இரண்டாக விலகியிருந்தால் நட்டு சுழன்றிருக்கிறது. பிராக்கெட்டைச் சுற்றியுள்ள கறுப்புப் பூச்சைச் சுரண்டி, அந்த இடத்தில் வெளிர் நிறப் பெயின்ட் அடித்துவிடுங்கள். வெளிர் நிறத்தில் விரிசல் உடனே கண்ணில் படும். என் காரில் அங்கே இப்போது வெள்ளைதான்.